மலையேறும் கோச்சி

விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம் என்று யோசிக்கிறீர்களா? கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை வரை ஏறக்குறைய 290 கிலோமீற்றர் நீளும் மலையகப் புகையிரதப் பாதையைச் சற்று நினைத்துப் பாருங்கள். உலகின் பல பாகங்களிலிருந்தும் உல்லாசப் பயணிகள் தேடி வரும் பாதை இது. நம்மில் பலர் கல்யாணத்துக்கும் மையித்து வீட்டுக்கும் அதில் போய் வந்திருக்கிறோம். ஆனால் ஜன்னலுக்கு வெளியே எத்தனை பேர் ஆறுதலாகப் பார்த்திருப்போம்?

ரம்புக்கனை வரை தென்னையும் வயலும் றப்பரும் நம்முடன் கூடவே வரும். அதன்பின் ஏற்றம் தொடங்குகிறது. கடுகண்ணாவையை நெருங்கும்போது ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். கம்பளை, நாவலப்பிட்டி கழிந்தால் தேயிலையின் ஆட்சி. ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று ஏற ஏறக் குளிரும் கூடும்.

பட்டிப்பொல நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,890 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நமது நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையம் இதுவே. அதைக் கடந்ததும் ஒரு சுரங்கம். ஒரு வாயிலில் மத்திய மாகாணம், மறு வாயிலில் ஊவா. மழையில் நுழைந்த கோச்சி வெயிலில் வெளிவருவதும் உண்டு! ஒஹியவைச் சூழ்ந்த காட்டில் மரங்கள் குட்டையாய், பாசி போர்த்து நிற்கும்.

எல்லயைத் தாண்டினால் 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம். கல்லும் செங்கல்லும் சீமெந்துமே அதைத் தாங்குகின்றன. அடுத்து வருவது தெமோதரை. 44 அடிக்கு ஓர் அடிக்கு மேல் சரிவு கூடாது என்பது பாதை அமைத்தவர்களின் கணக்கு. மலையோ அதைவிடச் செங்குத்து. என்ன செய்தார்கள்? பாதையை வட்டமாகச் சுற்றி இறக்கி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடாகக் கொண்டு சென்றார்கள். பிள்ளைகளுக்கு இதைக் காட்டத் தவறாதீர்கள்.

யாருக்காகப் போடப்பட்டது?

பயணிகளின் கண்குளிர்ச்சிக்காக இப்பாதை போடப்படவில்லை. மாட்டு வண்டிகளில் கோப்பியைக் கொழும்புக்கு இறக்குவது தோட்டத் துரைமாருக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. 1864இல் அம்பேபுஸ்ஸ வரையும் 1867இல் கண்டி வரையும் ரயில் வந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் காலப்போக்கில் கோப்பியை அழித்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. பாதையும் தேயிலையைத் தேடிக்கொண்டு 1885இல் நானுஓயாவுக்கும், 1894இல் பண்டாரவளைக்கும், 1924இல் பதுளைக்கும் ஏறியது.

அந்தக் கோப்பியையும் தேயிலையையும் நட்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஏழைத் தமிழ் மக்கள். ஆரம்பத்தில் மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழியே மலைக்கு நடந்தார்கள். வழியில் நோயிலும் பசியிலும் மாண்டவர்கள் ஏராளம். அவர்களின் சந்ததியில் சுமார் ஏழு இலட்சம் பேரை 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டது. எழுதியவர்கள் அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இராமேஸ்வரம் கப்பலுக்காக அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலை மலையகத்தார் "ஒப்பாரிக் கோச்சி" என்றார்கள். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று பிரிந்த மேடைகளில்தான் இன்று நாம் தேநீர் வாங்கிக் குடிக்கிறோம். எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வீசியபோது இப்பாதையைப் பல இடங்களில் மண்சரிவு சிதைத்தது. மலைச்சரிவில் வாழ்ந்த குடும்பங்களையும் அது விட்டுவைக்கவில்லை. ஆகவே புறப்படுமுன் எதுவரை ரயில் ஓடுகிறது என்று நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆசனத்தை முற்கூட்டியே பதிவு செய்யுங்கள். கம்பளி உடுப்பும் வீட்டுச் சாப்பாடும் கையில் இருக்கட்டும். படம் எடுப்பதற்காக வாசலில் தொங்கி உயிரிழந்தோர் உண்டு. பிள்ளைகளை அங்கே விடாதீர்கள். சாப்பிட்ட பொதியை ஜன்னலால் வீசாதீர்கள், கீழே இருப்பது ஒருவருடைய முற்றம்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் நிமிர்ந்து கையசைப்பதைக் காண்பீர்கள். நீங்களும் கையசையுங்கள். "உம்மா, அவங்க யாரு?" என்று பிள்ளை கேட்கும். பதுளை வருவதற்குள் அந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுங்கள்.