நாய்க்குட்டிகளுக்கு ஏன் ஆளுக்கொரு வண்டி?

சனிக்கிழமை பின்னேரம் பரிசின் ரூ லூயி-பிளாங் வழியாகப் பிள்ளையோடு நடப்பது லேசான காரியமில்லை. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்க லாச்சப்பலுக்கு வருகிற நம் கண்ணில் கடை வாசல்களில் தொங்கும் பிளாஸ்டிக் பெட்டிகள் படுவதேயில்லை. நாலு வயதுக்காரருக்கோ அவை கண்ணுக்கு நேரே தொங்குகின்றன. பொலிஸ் தொப்பி போட்ட நாய்க்குட்டி சிரிக்கிறது. கையைப் பிடித்து இழுத்தாலும் பிள்ளை நகராது.

பிரெஞ்சில் 'பத் பத்ருய்', ஆங்கிலத்தில் 'போ பட்ரோல்'. 2013 ஓகஸ்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய இந்தக் கார்ட்டூனைத் தயாரிப்பது ஸ்பின் மாஸ்டர் என்ற கனடாப் பொம்மை நிறுவனம். 'பொப் த பில்டர்' தந்த கீத் சாப்மன்தான் இதையும் உருவாக்கியவர்.

கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் கதைக்குள்ளே கடைக் கணக்குத் தெரியும். தொடக்கத்தில் ஆறு நாய்க்குட்டிகள். ஆளுக்கொரு தொழில், ஒரு நிறம், ஒரு வண்டி. பொலிஸ் சேஸுக்கு நீலம், தீயணைப்பு மார்க்கஸுக்குச் சிவப்பு, கட்டட வேலை ருபேனுக்கு மஞ்சள், பறக்கிற ஸ்டெல்லாவுக்கு இளஞ்சிவப்பு. எல்லா வேலையையும் சேஸே முடித்துவிட்டால் மிச்ச ஐந்து வண்டியை யார் வாங்குவது? பிறகு கடல், டைனோசர் என்று களம் மாறும். அதே நாய்க்குட்டி புது உடுப்போடும் புது வண்டியோடும் திரும்பவும் கடைக்கு வரும்.

எங்கள் வீட்டில் இருப்பது சேஸ் மட்டும்தான். "ஸ்டெல்லா இல்லாமல் பூனையை எப்படியப்பா மரத்தால இறக்கிறது?" என்று மகள் கேட்டாள். ஏணி வைத்து இறக்கலாமே என்றேன். "அது மார்க்கஸின்ர ஏணி." அந்தக் கார்ட்டூனின் சட்டப்படி அவள் சொன்னது சரி.

இந்த வியாபாரத்துக்கு வயது அதிகம். அமெரிக்காவில் 1969இலேயே 'ஹொட் வீல்ஸ்' கார்ட்டூனை முழுநீள விளம்பரம் என்று போட்டிப் பொம்மை நிறுவனமொன்று முறையிட்டது. 1984இல், ரேகன் காலத்தில், சிறுவர் நிகழ்ச்சிகளுக்கான விளம்பர வரம்புகள் நீக்கப்பட்டன. முந்தைய வருடமே மட்டெலின் 'ஹீ-மேன்' திரைக்கு வந்துவிட்டான்; வரம்பு நீங்கிய வருடம் ஹாஸ்ப்ரோவின் 'டிரான்ஸ்ஃபோர்மர்ஸ்' வந்தது. 1986இல் வெளியான டிரான்ஸ்ஃபோர்மர்ஸ் படத்தில் தலைவன் ஒப்டிமஸ் பிரைமைக் கொன்றுபோட்டார்கள். பழைய பொம்மைகளை ஒதுக்கிப் புதியவற்றுக்கு இடம் பண்ண வேண்டியிருந்தது, அவ்வளவுதான் காரணம். திரையரங்கில் பிள்ளைகள் அழுதார்கள், பெற்றோர் கடிதம் எழுதினார்கள், அடுத்த வருடமே தொலைக்காட்சித் தொடரில் பிரைமுக்கு உயிர் வந்தது. பொம்மைப் பட்டியலில் இருந்து நீக்குவதற்காக ஒரு பாத்திரத்தைச் சாகடித்த கதை எனக்கு இதைவிடத் தெளிவாக வேறெதுவும் தெரியாது.

பிரான்ஸ் சும்மா இருக்கவில்லை. 2016 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கான நிகழ்ச்சிகளின்போதும், அவற்றுக்கு முன்னும் பின்னும் 15 நிமிடங்களும், அரச தொலைக்காட்சியில் வர்த்தக விளம்பரம் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் 'பத் பத்ருய்' வருவது தனியார் அலைவரிசையான தேஎஃப் ஆனில். அரச அலைவரிசையில் வந்தாலும் தடை விளம்பரத்துக்குத்தானே, கார்ட்டூனுக்கு இல்லையே.

எல்லாவற்றையும் ஒரே தராசில் போடவும் மனமில்லை. 2015இல் வந்த 'மிராக்குலஸ்' தொடருக்கும் பொம்மைகள் குவிந்துகிடக்கின்றன. ஆனாலும் அதன் நாயகி மரினெத் பரிசின் வெதுப்பகக்காரர் மகள். தாய் சீனப் பெண். குடும்பப் பெயரிலேயே இரண்டு நாட்டைச் சுமக்கிற ஒருத்தி ஈபிள் கோபுரத்தைக் காப்பாற்றுவதை எங்கள் பிள்ளைகள் பார்க்கட்டும். பாலர் பள்ளி முற்றத்தில் இந்தப் பெயர்கள் தெரியாத பிள்ளை தனித்துப்போகும் என்பதும் உண்மை.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. எங்கள் ஆட்களின் முதலாம் பிறந்தநாள் விழாவுக்குப் போய்ப் பாருங்கள். மண்டபம் எடுத்து, பின்திரை முழுக்க நாய்க்குட்டிகள், நீலமும் சிவப்புமாகப் பலூன் வளைவு, மூன்றடுக்குக் கேக்கின் உச்சியில் சேஸ். பிறந்தநாள் பிள்ளை அந்தக் கார்ட்டூனை ஒருநாளும் பார்த்ததில்லை. இத்தனை பெரிய நாயைக் கண்டு வீரிட்டு அழுகிறது. படம் பிடிக்க வந்தவர் விடுகிறாரில்லை: "பிள்ளையை இன்னும் கொஞ்சம் சேஸுக்குக் கிட்ட வையுங்கோ அக்கா."