தாடைச் சொடுக்கு, தாடைப் பூட்டு, திறக்க மறுக்கும் வாய்

காதின் முன்புறத்தில் விரல்நுனியை வைத்து வாயைத் திறந்து மூடினால், தோலின் கீழ் எலும்பொன்று உருண்டு நகர்வதை உணரலாம். அதுவே தாடை மூட்டு. கீழ்த்தாடையின் உருண்ட முனைக்கும் மண்டையோட்டின் குழிவுக்கும் இடையே மெல்லிய வட்டு ஒன்று மெத்தைபோல் அமைந்துள்ளது. இவ்வட்டு முன்னோக்கி நழுவியிருந்தால், வாய் திறக்கும்போது எலும்புமுனை அதன் விளிம்பைத் தாண்டி மீண்டும் அதன்மேல் ஏறுகிறது. அவ்வேளையில் எழுவதே "டக்" என்னும் சொடுக்கு. வலியின்றி ஒலி மட்டும் கேட்குமாயின் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது.

பல நாட்களாகக் கேட்ட சொடுக்குத் திடீரென நின்று, அத்துடன் வாயும் பாதியளவே திறக்குமாயின் அதனை நற்செய்தியாகக் கொள்ளலாகாது. நழுவிய வட்டின்மேல் எலும்புமுனையால் ஏற இயலாமற் போயிருக்கலாம். அப்போது வாய் திறக்கையில் தாடை பாதிக்கப்பட்ட பக்கமாகக் கோணும். வளர்ந்தோரின் வாய் வழமையாக 40 முதல் 50 மில்லிமீற்றர் வரை திறக்கும். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களிடையே நுழைக்க இயலுமா எனப் பார்ப்பதே எளிய அளவை. இயலாவிடின் பல் வைத்தியரை நாடுதல் வேண்டும்.

ஜேர்மன் மொழியில் இதற்கு இரு சொற்கள் உள்ளன. மாற்றிச் சொன்னால் பொருள் தலைகீழாகும். வாயைத் திறக்க இயலாமை "கீஃபர்கிளெம்ம". மூட இயலாமை "கீஃபர்ஷ்பெர்ர". பின்னது பெரிதாகக் கொட்டாவி விடும்போது மூட்டு விலகுவதால் நேரலாம். வீட்டிலுள்ளோர் தாடையை அழுத்தி மூட முயலாது உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஞானப்பல்லைச் சுற்றிய தொற்றினாலும் வாய் இறுகலாம். காய்ச்சல், கழுத்து வீக்கம், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஆகியவை சேர்ந்தால் 112ஐ அழைக்க வேண்டும்.

தமிழ் மக்கள் தனித்து அறியவேண்டிய வேறொரு காரணமும் உண்டு: பாக்கு. 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர், கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரின் வாய் இறுகியிருந்ததை விவரித்தார். அந்நோயின் முதல் மருத்துவப் பதிவு அதுவே எனக் கொள்ளப்படுகிறது. புலம்பெயர்ந்தோரிடையே அது காணப்பட்டது கவனிக்கத்தக்கது. பாக்கிலுள்ள அரிக்கொலின் முதலிய பொருட்கள் கன்னத்தின் உட்தோலில் நார்ப்பொருளைப் பெருகச் செய்கின்றன. முதலில் காரமான கறி வாயை எரிக்கும். பின்னர் உட்கன்னம் வெளிறும். விரலால் தடவினால் கயிறுபோன்ற பட்டைகள் தட்டுப்படும். நாக்கை நீட்டுவதும் கடினமாகும். இங்கு இறுகுவது மூட்டன்று, தசைக்கும் பல்லுக்கும் இடைப்பட்ட மென்தோலே. எனவே சொடுக்கு ஒலி இராது. மூட்டில் வலியும் இராது.

இந்நோய் புற்றுநோயாக மாறக்கூடும். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 66 நோயாளிகளை 17 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து 1985இல் வெளியான ஆய்வில், ஐவருக்கு வாய்ப் புற்றுநோய் ஏற்பட்டிருந்தது. புகையிலை சேர்க்காவிடில் தீங்கில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது தவறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், பாக்கினையே மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாக வகைப்படுத்தியுள்ளது. பாக்கை நிறுத்தினாலும் இறுகிய நார் கரைந்து போகாது; ஆயினும் நோய் மேலும் முற்றாதிருக்க அதுவே முதற்படி.

ஜேர்மனியில் பாக்கு மெல்லும் வழக்கம் அரிது. ஆகவே வைத்தியர் அதைப்பற்றிக் கேட்காமலே மூட்டுக் கோளாறெனக் கருதக்கூடும். "இஹ் கௌவ பேட்டெல்நுஸ்" (நான் பாக்கு மெல்லுகிறேன்) என நோயாளியே முதலில் கூறுவது நன்று. பேரப்பிள்ளை மொழிபெயர்ப்பாளராக உடன் வரும்போது முதியோர் இதனைச் சொல்லக் கூசுவதுண்டு. அத்தகையோர் இவ்வசனத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் போதும்.

மூட்டுக் கோளாறாயின், மென்மையான உணவு, வெதுவெதுப்பான ஒத்தடம், கொட்டாவியின்போது கையால் தாடையைத் தாங்குதல், சூயிங்கத்தைத் தவிர்த்தல் ஆகியவை பெரும்பாலும் பயன்தரும். இரவில் பல் கடிப்போருக்கான கடிப்பலகையைச் சட்டபூர்வ மருத்துவக் காப்புறுதி ஏற்கிறது. இயன்முறைச் சிகிச்சையையும் பல் வைத்தியர் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் தாடை இயக்கத்தைக் கருவிகளால் அளக்கும் "ஃபுங்க்ஸியோன்ஸ்அனலூஸ" எனும் ஆய்வுக்கான செலவு நோயாளிக்குரியது. ஒப்புக்கொள்ளுமுன் செலவு மதிப்பீட்டை எழுத்தில் பெறுதல் வேண்டும்.

ஆஹெனில் முதலில் நாடவேண்டியவர் வழமையான பல் வைத்தியரே. மேலதிகப் பரிசோதனை தேவைப்படின், பௌவெல்ஸ் வீதியிலுள்ள பல்கலைக்கழக வைத்தியசாலையின் வாய், தாடை, முகச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அவர் "ஊபர்வைசுங்" எனும் அனுப்புகைக் கடிதம் தருவார். வலியில்லாதவர்களும் அரையாண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் பல் பரிசோதனையின்போது, உட்கன்னத்தையும் நாக்கின் ஓரங்களையும் பார்க்குமாறு கேட்கலாம்.