நீரின் பல வடிவங்கள்

அதிகாலையில் வரப்பின்மீது நடக்கும் உழவரின் கால்களை நனைக்கும் பனித்துளியும், அடுப்பின்மீது உலைப்பானையிலிருந்து எழும் ஆவியும், ஐப்பசியில் ஏரியை நிரப்பும் மழையும் ஒரே பொருளின் வெவ்வேறு கோலங்களேயாகும். நீர் திடமாகவும் திரவமாகவும் ஆவியாகவும் இயற்கையில் காணப்படுகிறது. இவ்வடிவங்களை அறிந்துகொள்வது நமது கிராமத்தின் கிணற்றையும் ஏரியையும் காப்பதற்குப் பெரிதும் துணைபுரியும்.

கண்ணுக்குப் புலனாகாத நீர்

காற்றில் எப்போதும் நீராவி கலந்திருக்கிறது. கடல், குளம், ஈரமண், மரங்களின் இலைகள் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் நீர் ஆவியாக மேலெழுகிறது. அவ்வாறு எழும்போது வெப்பத்தையும் உடன் கொண்டு செல்கிறது. மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாவதாலேயே பானைத் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. இரவில் தரை குளிரும்போது அதனை ஒட்டிய காற்றிலுள்ள ஆவி புல்லின்மேல் பனித்துளியாகப் படிகிறது. உயரே சென்ற ஆவி குளிர்ந்து, மேகமாகத் திரண்டு, மழையாகப் பொழிகிறது. கோடை இடிமழையின்போது சில சமயம் ஆலங்கட்டியும் விழுவதுண்டு.

திட வடிவம்

நீர் 0 டிகிரி சென்டிகிரேடில் உறைந்து பனிக்கட்டியாகிறது. நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகுவதை அங்குள்ளோர் நன்கறிவர். வட இந்தியாவிலோ இமயத்தின் பனி கோடையில் உருகிக் கங்கைக்கு நீர் அளிக்கிறது. நமது ஆறுகளுக்கு அத்தகைய பனிமலை எதுவும் இல்லை. மழை ஒன்றே நமக்கு மூலதனம். மழை பெய்யும் சில மாதங்களில் நீரைத் தேக்கி, மற்ற மாதங்களில் செலவிட வேண்டியவர்களாக நாம் இருக்கிறோம். நம் முன்னோர் ஏரிகளையும் கண்மாய்களையும் ஊருணிகளையும் ஆயிரக்கணக்கில் வெட்டியதன் காரணம் இதுவே.

நன்னீர் எவ்வளவு?

உலகிலுள்ள நீர் முழுவதையும் 100 குடங்களாகக் கொள்வோம். அவற்றுள் ஏறத்தாழ 97 குடங்கள் உப்பு நீர். எஞ்சிய மூன்றில் சுமார் இரண்டு குடங்கள் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கின்றன. மீதமுள்ளதில் பெரும்பகுதி நிலத்தடி நீராகும். ஆறுகளிலும் நன்னீர் ஏரிகளிலும் உள்ளது ஒரு குவளைக்கு மேற்படாது.

கிணறும் ஏரியும்

ஏரி நீர் வேறு, கிணற்று நீர் வேறு என்று பலர் கருதுகின்றனர். இது தவறு. ஏரியில் தேங்கும் நீர் மண்ணினூடே மெல்ல இறங்கி, அருகிலுள்ள கிணறுகளுக்கு ஊற்றாக வந்து சேர்கிறது. வரத்துக்கால் தூர்ந்து ஏரி நிரம்பாமற் போனால், சில ஆண்டுகளில் கிணறும் வற்றும். அதன் பின்னர் ஆழ்குழாய்க் கிணறுகளை மேலும் மேலும் ஆழமாக இறக்குவது, வரவில்லாத குடும்பம் சேமிப்பை எடுத்துண்பதற்கு ஒப்பாகும்.

இதனால் நீரின் அளவு குறைவதோடு குணமும் கெடுவதுண்டு. மண்ணினூடே செல்லும் நீர் அங்குள்ள தாதுப் பொருள்களைக் கரைத்துக்கொள்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருப்பதால் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்டன. இதற்கு மாற்றாகக் காவிரி நீரை வழங்கும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது. நீரைக் காய்ச்சுவதால் நோய்க் கிருமிகள் அழியுமேயன்றிப் புளோரைடு நீங்காது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். கடற்கரையோரங்களில் நன்னீரை அளவின்றி இறைத்தால், அவ்விடத்தில் உப்பு நீர் புகுந்துவிடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் இவ்வாறு நேர்ந்தது. ஒருமுறை உவர்ப்பேறிய கிணறு எளிதில் திருந்துவதில்லை.

நாம் செய்ய வேண்டுவன

100 சதுர மீட்டர் பரப்புள்ள கூரையின்மீது 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் கிடைக்கும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு கட்டிடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று அமைத்த குழாய்களும் தொட்டிகளும் அடைபட்டுக் கிடப்பின், பருவமழைக்கு முன்னரே அவற்றைத் துப்புரவு செய்வோமாக. ஊர்கூடி வரத்துக்காலைச் செப்பனிடுவோம். மதகையும் கலிங்கையும் பழுதின்றி வைத்துக்கொள்வோம். கிணற்று நீரை ஆண்டுக்கொரு முறையேனும் பரிசோதிக்கச் செய்வோம். ஆவியாகச் சென்ற நீர் மழையாக நம் ஊருக்குத் திரும்பி வரும்போது, அது தங்குவதற்கு இடம் அளிப்பது நமது கடமையன்றோ?