ஆர்எக்ஸ் 100: பெயின்ட் கடைசியில்

யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ முதல் வண்டியாக எடுக்க நினைப்பவர்கள் பலருக்கும் டேங்குக்கு என்ன கலர் அடிப்பது என்பதுதான் முதல் கேள்வி. அது கடைசிக் கேள்வியாக இருக்க வேண்டும். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து 1985-ல் இந்தியாவில் இறக்கிய வண்டி இது. 1996-ல் நின்றுவிட்டது. ஆக, கடைசியாக வெளிவந்த வண்டிகூட கால் நூற்றாண்டைத் தாண்டியது. புது பெயின்ட் அடித்த பழைய வண்டியைவிட, துரு தெரிய நிற்கும் பழைய வண்டியை நம்பி வாங்கலாம் என்பது என் கட்சி. அதில் எது ஓட்டை, எது ஒட்டு என்பதாவது கண்ணுக்குத் தெரியும்.

காசு கொடுக்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள். சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம். அதன்பின் 5 வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஸ்டியரிங் கழுத்தில் குத்தியிருக்கும் சேஸ் நம்பரின் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்துகள் அப்படியே தாளில் விழும். ஓர் எழுத்து மேலும் கீழுமாக நின்றாலோ, சுற்றிலும் அரம் போட்ட கோடுகள் தெரிந்தாலோ வேறு வண்டி பாருங்கள். ‘விண்டேஜ் வண்டி சார்’ என்று விலையை ஏற்றுபவரிடம் ஒன்று சொல்லலாம்: 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, வடிவம் மாறாத 50 வயது வண்டிதான் விண்டேஜ். ஆர்எக்ஸ் 100-ல் எதுவும் இன்னும் அந்த வயதை எட்டவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பிரேக். 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை 100 கிலோவை ஒட்டி. கேட்பதற்குச் சாதுவாகத்தான் இருக்கும். ஆனால் டூ ஸ்ட்ரோக் என்பதால், கீழ் வேகத்தில் சும்மா உறுமிக்கொண்டிருந்துவிட்டு ஒரு கட்டத்துக்கு மேல் திடீரென்று இழுக்கும். பழகாத கைக்கு அது தூக்கிவாரிப்போடும். முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். அதோடு ஆக்ஸிலரேட்டரை விட்டால் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியைப் போல இன்ஜின் பிடித்து நிறுத்தாது. பிரேக் ஷூ, கேபிள், டயர், வீல் பேரிங், ஸ்டியரிங் கோன் ஆகியவற்றை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். பழைய ஷூவின் தூசியை வாயால் ஊதாதீர்கள், அதில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பத்து வருட டயரை ஓட்டாதீர்கள்.

அடுத்தது இன்ஜின். இங்கேதான் பணமும் பொறுமையும் போகும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் கீழே தேங்கி நின்று சுற்றிவரும். இதில் 2டி ஆயில் பெட்ரோலோடு உள்ளே போய் எரிந்து வெளியேறுகிறது. அதைத் தனி டேங்கிலிருந்து தேவைக்கேற்ப அனுப்புவது ஆட்டோலூப் பம்பு. 1964 முதல் யமஹா பயன்படுத்திவந்த ஏற்பாடு அது. நம் ஊரில் பல வண்டிகளில் பம்பைக் கழற்றி அடைத்துவிட்டு, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றும்படி செய்திருப்பார்கள். நீங்கள் வாங்கிய வண்டி எந்த ரகம் என்று தெரியாமல் ஒரு தெருகூட ஓட்டாதீர்கள். ஆயில் இல்லாமல் ஓடினால் பிஸ்டன் சூடேறி போரில் ஒட்டிக்கொள்ளும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பெட்ரோலில் கலக்கும் வண்டியாக இருந்தால் மலை இறக்கத்திலும் ஜாக்கிரதை. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மூடிக்கொண்டு கியரிலேயே இறங்கினால் பெட்ரோல் போகாது, அதோடு ஆயிலும் போகாது. நடுநடுவே லேசாகத் திருகிக் கொடுக்க வேண்டும்.

புகையை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். சூடான பின்பும் வெள்ளையாகக் கொட்டுகிறது, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே வருகிறது என்றால், கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் போயிருக்கும். புகையே இல்லை, ஐடிலிங் தானாக ஏறுகிறது, பிளக் முனை வெளுத்திருக்கிறது என்றால் இடதுபக்க மேக்னட் சீலைச் சந்தேகப்படுங்கள். அதன் வழியே காற்று புகுந்து பெட்ரோல் கலவை மெலிந்துவிடும். இரண்டாவதுதான் ஆபத்து. சத்தம் போடாமல் பிஸ்டனைக் கொல்லும். சீல் விலை கொஞ்சம்தான், ஆனால் கிளட்ச் பக்கத்தையும் மேக்னட்டையும் பிரிக்கும் கூலி உண்டு. பிரித்ததுதான் பிரித்தோம் என்று இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.

போர் தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்து ரீபோர் செய்து, 0.25 மி.மீ. கூடுதலான பிஸ்டன் போடலாம். அடுத்த முறைக்கு 0.50. பிஸ்டனை முதலில் வாங்கி லேத்காரரிடம் கொடுங்கள், அதை அளந்துதான் அவர் போரைக் கடைய வேண்டும். சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் பாகங்கள் கிடைக்கும், டூப்ளிகேட்டும் சேர்ந்தே கிடைக்கும். ‘135 போர் போட்டுவிடலாமா, போர்ட் அறுக்கலாமா’ என்று மெக்கானிக் ஆசை காட்டுவார். முதல் வண்டிக்கு வேண்டாம்.

சேர்த்து முடித்ததும் ஆட்டோலூப் குழாயில் காற்றுக்குமிழி இல்லாதபடி பம்பின் ஸ்குருவைத் திறந்து வெளியேற்றுங்கள். முதல் டேங்கு பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயிலையும் கலந்துவிடுங்கள். கொஞ்சம் புகையும், பரவாயில்லை. முதல் 500 கி.மீ. பாதி ஆக்ஸிலரேட்டருக்கு மேல் போகாமலும், ஒரே வேகத்தில் நெடுநேரம் இழுக்காமலும் ஓட்டுங்கள். இன்ஜின் நன்றாக ஆறியபின் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி. அப்புறம் பெயின்டரிடம் போகலாம்.