ஹட்செப்சுட்டின் பெயர் ஏன் அழிக்கப்பட்டது?

எகிப்தை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆண்ட பெண் பாரோ ஹட்செப்சுட். கணவர் இரண்டாம் துத்மோஸ் கி.மு. 1479 வாக்கில் இறந்தபோது, பட்டத்துக்குரிய மூன்றாம் துத்மோஸ் சிறு பிள்ளை. அதுவும் இன்னொரு மனைவிக்குப் பிறந்தவன். சிறுவனுக்காக ஆட்சியைக் கவனிக்க வந்தவர், ஏழாண்டுகளுக்குள் தாமே முடிசூடிக்கொண்டார். அவர் மறைந்தபின், கோயில் சுவர்களில் இருந்த அவருடைய பெயரும் உருவமும் உளியால் கொத்தி எடுக்கப்பட்டன. கர்னாக் கோயிலில் இன்றும் பார்க்கலாம்: சுற்றியுள்ள தெய்வங்கள் அப்படியே நிற்க, நடுவில் ஓர் ஆள் வடிவம் மட்டும் பொளிந்து கிடக்கிறது. அரியணையைப் பறித்த சித்தியை மகன் பழிவாங்கினான் என்பதுதான் இதற்கு நெடுநாளாகச் சொல்லப்பட்டு வந்த காரணம். சான்றுகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

ஹட்செப்சுட் இறந்தது கி.மு. 1458 வாக்கில். பெயரழிப்பு தொடங்கியதோ அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, மூன்றாம் துத்மோஸ் தம் ஆட்சியின் கடைசிப் பகுதியில் இருந்தபோது. கோபம் அவ்வளவு காலம் காத்திருக்குமா? அதற்குமுன் அவருக்கு வலிமை இருந்திருக்காது என்று சிலர் சொல்லலாம். ஆனால் தனியாட்சியின் தொடக்கத்திலேயே மெகித்தோ வரை படை நடத்தி வென்றவர் அவர். சில கல்தச்சர்களை ஏவ அவருக்கு யார் அனுமதியும் தேவைப்பட்டிருக்காது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஹட்செப்சுட்டை அரசியாக, மன்னரின் மனைவியாகக் காட்டும் உருவங்களைப் பெரும்பாலும் யாரும் தொடவில்லை. பாரோவாக நின்ற உருவங்கள்தான் குறி. அந்தப் பெண்மீது பகை என்றால் இந்தப் பாகுபாடு எதற்கு? மூன்றாம் துத்மோஸின் மகன் இரண்டாம் அமென்ஹோதெப்புக்கு அரியணை சிக்கலின்றிப் போய்ச் சேர வேண்டும். தந்தையிடமிருந்து மகனுக்கு என்ற வரிசையின் நடுவே ஒரு பெண் மன்னர் இருந்த பதிவு அதற்கு இடைஞ்சல். இந்தக் கணக்குதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சிலைகள் நொறுக்கப்பட்டதே, அது வெறியில்லையா என்று கேட்கலாம். தெய்ர் எல்-பாஹ்ரியில் அவர் எழுப்பிய கோயிலருகே 1920களில் தோண்டியபோது உடைந்த சிலைகள் குவியலாகக் கிடைத்தன. அவற்றில் பல கழுத்து, இடை, முழங்கால் ஆகிய இடங்களில் உடைக்கப்பட்டவை என்று அண்மை ஆய்வு காட்டுகிறது. பயனில் இல்லாத சிலையின் சக்தியை நீக்க எகிப்தியர் கைக்கொண்ட வழக்கம் அது. மற்ற மன்னர்களின் சிலைகளுக்கும் நேர்ந்தது. முகம் சிதைந்தவையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குவியல் முழுவதையும் ஆத்திரத்தின் கணக்கில் எழுத முடியாது.

ஹட்செப்சுட் அடக்கம் செய்யப்பட்ட விதம் சொல்வதும் இதையே. மன்னர்களின் பள்ளத்தாக்கில், இருநூறு மீட்டருக்கும் மேல் வளைந்து இறங்கும் அவருடைய கல்லறையை 1903-04இல் ஹோவார்ட் கார்ட்டர் துப்புரவாக்கியபோது, உள்ளே இரண்டு கல் பேழைகள் இருந்தன. ஒன்று தந்தை முதலாம் துத்மோஸுக்காகத் திருத்திச் செதுக்கப்பட்டது. மற்றது ஹட்செப்சுட்டுடையது, மன்னருக்குரிய பெயர்களோடு. பெயர் அழிந்தால் மறுவாழ்வும் இல்லை என்று நம்பிய நாட்டில், அவரை அடியோடு ஒழிக்க விரும்பியவர்கள் முதலில் கைவைத்திருக்க வேண்டியது அந்தப் பேழையில்தான்.