தண்டவாளம் சரி, பேனலில் சிவப்பு

நம் சங்கத்தின் பழைய மலர்கள் யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை என்பது அன்பர்கள் பலருக்கும் தெரியும். அவற்றைத் திறக்கும் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும். என் கம்ப்யூட்டரிலோ உபுண்டு 16.04. ஆகவே அதற்குள்ளேயே ஒரு வர்ச்சுவல் மெஷின் அமைத்து, எக்ஸ்பியை அதில் குடிவைத்திருந்தேன். ஒண்டுக்குடித்தனம் மாதிரி.

2018 தீபாவளி சமயம். "மாமா, உங்க எக்ஸ்பி என் லேப்டாப்ல தெரியவே மாட்டேங்குதே" என்றாள் மருமகள். பழைய மலர்களைப் பார்க்க அவளுக்கு ஆசை. தெரியாததற்குக் காரணம் உண்டு. குடித்தனக்காரருக்குத் தனி வாசல் கிடையாது. அவர் தபாலெல்லாம் வீட்டுக்காரர் விலாசத்தில்தான் போய்வரும். இதற்கு நாட் என்று பெயர். பிரிட்ஜ் போட்டால் அவருக்கும் தெருவைப் பார்த்த வாசல் கிடைக்கும். (வைஃபையில் இது பெரும்பாலும் நடக்காது, கம்பி இணைப்பு வேண்டும்.) நெட்வொர்க் கோப்பைத் திறந்து, ஈத்தர்நெட் கார்டைப் பிரிட்ஜில் சேர்த்து நாலு வரி எழுதினேன். மருமகளுக்கு எக்ஸ்பி தெரிந்தது. காபி வந்தது.

அன்றிரவே சங்க மலருக்கு என் கட்டுரையை அனுப்பினேன். நம் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் சொல்லிக்கொடுத்து, அந்த வருடம் காலமான பெரியவரைப் பற்றியது. வெளியீட்டு விழாவுக்கு அவர் மனைவியை அழைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் செயலாளர் போன் செய்தார். "சார், உங்க கட்டுரை இன்னும் வரலையே? நாளைக்குக் காலையில அச்சுக்குப் போகுது."

பார்த்தால், எவல்யூஷன் மெயிலின் அவுட்பாக்ஸிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. கீழ்மூலையில் இணைப்பு இல்லை என்று ஒரு சின்னப் படம். ஆனால் பயர்ஃபாக்ஸில் செய்தித்தாள் வருகிறது! பிங் போட்டால் பதில் வருகிறது. மெயில் கணக்கை அழித்து மறுபடி போட்டேன். பாஸ்வேர்டை மாற்றினேன். எவல்யூஷனையே கழற்றி மறுபடி மாட்டினேன். சாயங்காலம் முழுக்க வீண்.

அப்புறம்தான் சிக்னல் பிரிவு வேலை ஞாபகம் வந்தது. டிராக் சர்க்யூட்டில் தண்டவாளத்தின் வழியே மின்சாரம் ஓடி ரிலேயைத் தூக்கி வைத்திருந்தால் பாதை காலி என்று அர்த்தம். ஒரு கம்பி அறுந்தாலும் ரிலே விழுந்துவிடும். வண்டியே இல்லாவிட்டாலும் பேனலில் சிவப்பு. ஸ்டேஷன் மாஸ்டர் பார்ப்பது பேனலைத்தான், தண்டவாளத்தை அல்ல.

இங்கே பேனல் எது? நெட்வொர்க் மேனேஜர் என்ற நிரல். நான் திருத்திய கோப்பில் எந்தக் கார்டின் பெயர் இருக்கிறதோ, அதை அது தன் பொறுப்பில் வைத்துக்கொள்வதில்லை. என்னிடம் இருந்ததோ ஒரே கார்டு. அது கைவிட்டுப் போனதும், "எனக்கு இணைப்பே இல்லை" என்று அது சொல்லிவிட்டது. எவல்யூஷன் அதைக் கேட்டு நடக்கிற பிள்ளை, வாயை மூடிக்கொண்டது. பயர்ஃபாக்ஸ் யாரையும் கேட்காமல் நேரே போய்விட்டது. டிஸ்கனெக்ஷன் நோட்டீஸில் கையெழுத்து வாங்காமல் ஒரு ஸ்க்ரூவைக்கூட கழற்றாதவன் நான். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் லைனைப் பிரித்துப் போட்டிருக்கிறேன்!

கோப்பில் நான் எழுதிய வரிகளை நீக்கி, அதே பிரிட்ஜை நெட்வொர்க் மேனேஜரின் சொந்த ஜன்னலிலேயே அமைத்தேன். அங்கே அதற்கென்றே இடம் இருக்கிறது. லூப்பேக் என்ற இரண்டு வரிகளை மட்டும் தொடவில்லை. 127.0.0.1 என்ற முகவரியில் கம்ப்யூட்டர் தன்னோடு தானே பேசிக்கொள்ளும். அதை அறுத்தால் வேறு சில நிரல்களும் படுத்துவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் மூலைப் படம் மாறியது. ராத்திரி பதினொன்றேகாலுக்குக் கட்டுரை கிளம்பியது. இப்போதைய எவல்யூஷனில், யாரையும் கேட்காமல் எப்போதும் இணைப்பில் இருப்பதாகவே வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு.

இன்னொன்று. எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன. அதற்குத் தெரு வாசல் வைத்ததே அதிகப்பிரசங்கித்தனம். கோப்புகளை மருமகள் எடுத்துக்கொண்டதும் பழையபடி நாட்டுக்கே மாற்றிவிட்டேன்.

கட்டுரை மலரில் வந்தது. கடைசி நேரம் என்பதால் பெரியவரின் படத்துக்குப் பக்கத்தில் இடம் இல்லாமல் போயிற்று. விழாவில் அந்த அம்மாள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவரோட போட்டோ ஒண்ணு குடுத்திருந்தேனே?" என்று கேட்டார்கள். அவுட்பாக்ஸ் கதையை நான் அவர்களிடம் சொல்லவில்லை.