பொய் நினைவுகளும் வயதும்: குழந்தைகளிடமும் வளர்ந்தோரிடமும் காணப்படும் வேறுபாடுகள்

ஆய்வுச் சுருக்கம்

நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாக நம்பி நினைவுகூர்வது பொய் நினைவு எனப்படும். குழந்தைகள் வளர வளர இத்தகைய நினைவுகள் குறையும் என்பது நெடுங்காலம் நிலவிய கருத்தாகும். பிறர் தூண்டுதலால் உண்டாகும் பொய் நினைவுகளுக்கு இக்கருத்து பெரும்பாலும் பொருந்துகிறது. மனம் தானாகவே உருவாக்கிக்கொள்ளும் பொய் நினைவுகளோ வயதோடு கூடுகின்றன. இவ்விரு போக்குகளையும் அவற்றின் காரணங்களையும் விளக்கி, சாட்சியத்தை மதிப்பிடுவதில் அவை பெறும் இடத்தை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பொய் நினைவு, குழந்தை உளவியல், நினைவுச் சுவடு, தூண்டுதல், சாட்சியம்

முன்னுரை

ஒரு நிகழ்ச்சியை நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் மனம் எஞ்சியிருக்கும் சுவடுகளைக் கொண்டு அதனை மீண்டும் கட்டமைக்கிறது. அக்கட்டமைப்பில் நிகழாதனவும் இடம்பெறுவதுண்டு. பொய் சொல்பவர் தாம் சொல்வது உண்மையன்று என்பதை அறிவார். பொய் நினைவு உடையவரோ அதனை முழுமையாக நம்புகிறார். எனவே, சொல்லும் முறையின் உறுதியைக் கொண்டு நினைவின் உண்மையை அளவிட இயலாது. வழக்கொன்றில் சாட்சியின் சொல் மட்டுமே ஆதாரமாக அமையும்போது, இச்சிக்கல் ஒருவரது வாழ்வையே தீர்மானிப்பதாகிறது.

தூண்டுதலால் உண்டாகும் பொய் நினைவு

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1983இல் எழுந்த மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் நேர்காணப்பட்டனர். விடையை முன்கூட்டியே உணர்த்தும் வினாக்கள் அவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் நடந்த அவ்வழக்கு 1990இல் எவருக்கும் தண்டனையின்றி முடிவுற்றது. அதன்பின் குழந்தைகளின் நினைவு பற்றிய ஆய்வுகள் பெருகின.

மிஷேல் லைக்ட்மன், ஸ்டீபன் சீசி ஆகியோர் 1995இல் வெளியிட்ட ஆய்வு இவற்றுள் குறிப்பிடத்தக்கது. சாம் ஸ்டோன் என்ற பெயரில் அறிமுகப்படுத்தப்பட்ட ஒருவர் மழலையர் பள்ளிக்குச் சிறிது நேரம் வந்து, எதையும் சேதப்படுத்தாமல் திரும்பினார். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு அவர் கவனக்குறைவானவர் என்று முன்னரே கதைகள் சொல்லப்பட்டன. பின்னர், புத்தகத்தைக் கிழித்ததும் கரடிப் பொம்மையை அழுக்காக்கியதும் அவரே என்னும் தொனியில் வினாக்கள் கேட்கப்பட்டன. இப்பிரிவைச் சேர்ந்த மூன்று, நான்கு வயதினருள் 72 விழுக்காட்டினர் அவற்றுள் ஒன்றையேனும் அவர் செய்ததாகக் கூறினர். ஐந்து, ஆறு வயதினரிடம் இவ்விளைவு குறைவாக இருந்தது. கதையோ தூண்டுதலோ இல்லாத பிரிவினர் பெரும்பாலும் சரியாகவே விடையளித்தனர்.

இளங்குழந்தைகளின் நினைவுச் சுவடு விரைவில் வலுவிழக்கிறது. ஒரு செய்தியைத் தாம் கண்டதா, கேட்டதா எனப் பிரித்தறிவது அவர்களுக்குக் கடினம். பெரியவர் எதிர்பார்க்கும் விடையைத் தர அவர்கள் விழைகின்றனர். இம்மூன்றும் தூண்டுதலுக்கு இடமளிக்கின்றன.

தானாகவே உருவாகும் பொய் நினைவு

கட்டில், தலையணை, போர்வை, இரவு, கனவு, குறட்டை, கொட்டாவி எனும் சொற்களைக் கேட்ட ஒருவர், பட்டியலில் இல்லாத ‘தூக்கம்’ என்பதையும் கேட்டதாகச் சொல்லக்கூடும். ஜேம்ஸ் டீஸ் 1959இல் இம்முறையைக் கையாண்டார். ஹென்றி ரோடிகரும் கேத்லீன் மெக்டெர்மட்டும் 1995இல் இதனை விரிவுபடுத்தினர். அவர்களின் முதல் சோதனையில், கேட்காத மையச்சொல்லை மாணவர்கள் ஏறத்தாழ 40 விழுக்காடும் இரண்டாவதில் 55 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். இங்கு எவரும் அவர்களைத் தூண்டவில்லை.

சார்லஸ் பிரெய்னெர்ட், வாலரி ரெய்னா ஆகியோர் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக் குழந்தைகளிடம் இப்பிழை மிகக் குறைவாகவும் வளர்ந்தோரிடம் மிகுதியாகவும் காணப்பட்டது. வயது கூடக் கூடப் பிழையும் கூடும் இப்போக்கு ‘வளர்ச்சிநிலைத் தலைகீழ் மாற்றம்’ எனப்படுகிறது.

தலைகீழ் மாற்றத்தின் காரணம்

ஒரே அனுபவம் மனத்தில் இருவகைச் சுவடுகளை விடுகிறது என்பது பிரெய்னெர்ட், ரெய்னா ஆகியோரின் கோட்பாடு. கேட்ட சொல்லையும் கண்ட உருவையும் உள்ளவாறே காப்பது ஒன்று. அவற்றின் பொதுப்பொருளைக் காப்பது மற்றொன்று. பல செய்திகளை ஒரே பொருளால் இணைக்கும் ஆற்றல் மெல்ல மெல்லவே வளர்கிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு மேற்கண்ட சொற்கள் தனித்தனிச் சொற்களாகவே நிற்கின்றன; வளர்ந்தவர்க்கு அவை ‘தூக்கம்’ என ஒன்றிணைகின்றன. சொற்களுக்கிடையிலான தொடர்பு வலைப்பின்னல் தானாகத் தூண்டப்படுவதே காரணம் என்பது மார்க் ஹோவின் விளக்கம். அறிவின் வளர்ச்சியே பிழைக்கும் வழியாகிறது என்பதில் இருதரப்பும் உடன்படுகின்றன.

ஸ்டீபன் டியூஹர்ஸ்ட் குழுவினரின் 2007ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு அரணாகிறது. பட்டியல் சொற்களைக் கதைக்குள் அமைத்துத் தந்தபோது ஐந்து வயதினரிடமும் பொய் நினைவு கூடியது. சொற்களை இணைக்கும் வேலையைக் கதை செய்துவிட்டது.

இரு போக்குகளும் சந்திக்கும் இடம்

தூண்டுதலுக்குக் குழந்தைகளே எளிதில் ஆட்படுவர் என்னும் பொதுவிதிக்கும் விலக்கு உண்டு. கண்ட நிகழ்ச்சியோடு பொருளால் நெருங்கிய தவறான செய்தியைப் புகுத்தினால், இளங்குழந்தைகளைவிட வளர்ந்தோரே மிகுதியாக ஏமாறக்கூடும் என்பதை ஹென்றி ஆட்கார் குழுவினர் 2016இல் காட்டினர். எலிசபெத் லாஃப்டஸ், ஜாக்குலின் பிக்ரெல் ஆகியோரின் 1995ஆம் ஆண்டு ஆய்வும் இங்கு நினைக்கத்தக்கது. சிறுவயதில் வணிக வளாகத்தில் வழிதவறியதாகப் புனையப்பட்ட நிகழ்ச்சியை, அதில் பங்கேற்ற 24 பேருள் ஏறத்தாழ கால்பங்கினர் முழுமையாகவோ பகுதியாகவோ நினைவுகூர்ந்தனர்.

சாட்சியமும் வயதும்

வயதை மட்டும் கொண்டு சாட்சியை ஏற்பதோ தள்ளுவதோ பொருந்தாது என்பது இவற்றால் பெறப்படும். இந்தியச் சாட்சியச் சட்டம், 1872இன் 118ஆம் பிரிவும் சாட்சிக்கு வயது வரம்பு விதிக்கவில்லை. வினாவைப் புரிந்துகொண்டு அறிவுக்குப் பொருந்த விடையளிக்கும் திறனையே அளவுகோலாகக் கொண்டது. விடையைச் சுட்டும் வினாக்களுக்கும் அச்சட்டம் கட்டுப்பாடு விதித்தது. எனினும், அக்கட்டுப்பாடு நீதிமன்ற விசாரணைக்கு உரியது. குழந்தையிடம் முதலில் வினவுவோர் பெற்றோர், ஆசிரியர், காவலர் ஆகியோரே. நினைவில் கலப்பு நேர்வதும் பெரும்பாலும் அந்நிலையில்தான்.

முடிவுரை

குழந்தையின் நினைவு வெளித் தூண்டுதலால் எளிதில் பிறழ்கிறது. வளர்ந்தவரின் நினைவு அவரது சொந்த அறிவின் இணைப்புகளாலேயே பிறழ்கிறது. எனவே குழந்தை தன் சொற்களில் தடையின்றிச் சொல்ல முதலில் இடமளித்தலும், அம்முதல் உரையாடலைக் கேட்ட வினாக்களோடு பதிவுசெய்தலும் இன்றியமையாதவை. ‘பெரியவர் சொல்வதால் சரியாக இருக்கும்’ என்னும் நம்பிக்கையும் அதே கவனத்தோடு ஆராயப்படவேண்டும். சாட்சியின் வயதோடு, அந்நினைவு எவ்வினாக்களைக் கடந்து வந்தது என்பதும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும்.